பறப்புப் பாவனைக் கருவிகளின் தகுதிச் சான்று

ஃபிளைட் சிமுலேட்டர் எனப்படும் பறப்புப் பாவனைக் கருவி, விமானிகள் தரையில் இருந்தபடியே பறப்பைப் பழகுவதற்கான இயந்திரம் ஆகும். இதில் பெறும் பயிற்சி விமானியின் உரிமத்துக்குக் கணக்கில் சேர வேண்டுமானால், வான்போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு அந்தக் கருவியைச் சோதித்துத் தகுதிச் சான்று வழங்கியிருக்க வேண்டும். கருவியின் வடிவமைப்புக்குப் பொதுவாக ஒரு சான்று கொடுத்து விட்டுவிடுவதில்லை. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்யப்பட்ட இரண்டு கருவிகள் ஆனாலும், ஒவ்வொன்றும் தனித்தனியே சோதனையில் தேற வேண்டும்.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. அனுபவமுள்ள ஒரு விமானி புதியதொரு விமான வகைக்கு மாறும்போது, முழுப் பயிற்சியையும் உயர்நிலை சிமுலேட்டரிலேயே முடிக்க விதிகள் இடம் தருகின்றன. அதன்பின் அவர் அந்த வகை விமானத்தை முதன்முதலாகத் தொடும் நாளில், பயிற்றுநர் அருகில் இருப்பார் என்றாலும், பின்னிருக்கைகளில் பயணிகளும் இருப்பார்கள். கருவி தவறாகக் கற்பித்திருந்தால் அது தெரியவருவது அப்போதுதான்.

தோற்றம்

முதல் வெற்றிகரமான பயிற்சிக் கருவியை உருவாக்கியவர் அமெரிக்காவின் பிங்காம்டன் நகரைச் சேர்ந்த எட்வின் லிங்க். பியானோவும் ஆர்கனும் செய்யும் தந்தையின் தொழிற்சாலையில் வளர்ந்தவர். ஆர்கனில் பயன்படும் துருத்திகளைக் கொண்டே, சாய்ந்து திரும்பும் சிறிய மரவிமானம் ஒன்றை 1929இல் செய்து முடித்தார். தொடக்கத்தில் அதைக் கேளிக்கைப் பூங்காக்களே வாங்கின. 1934இல் அமெரிக்க இராணுவ விமானப் படை அஞ்சல் விமானங்களை இயக்கும் பொறுப்பை ஏற்றபோது, மோசமான வானிலையில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத விமானிகள் பலர் சில வாரங்களுக்குள் உயிரிழந்தனர். அதன் பிறகே இராணுவம் 6 லிங்க் கருவிகளை வாங்கியது.

நிலைகள்

கணினிகளும் திரைக்காட்சிகளும் மேம்பட்ட பின், எந்தக் கருவியில் எவ்வளவு பயிற்சி செல்லும் என்று வரையறுக்க வேண்டியதாயிற்று. அமெரிக்கக் கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகம் (எஃப்.ஏ.ஏ.) 1980இல் மூன்று கட்டங்கள் கொண்ட திட்டம் ஒன்றை வெளியிட்டது. முழுப் பயிற்சியையும் சிமுலேட்டரில் முடிக்க வழி திறந்தது அதன் மூன்றாம் கட்டம். இன்று முழுப் பறப்பு சிமுலேட்டர்கள் ஏ, பி, சி, டி என நான்கு நிலைகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஐரோப்பாவிலும் இதே எழுத்துகள்தாம். கீழ் இரு நிலைகளுக்கு மூன்று வகை அசைவுகள் போதும். சி, டி நிலைகளில் முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் நகர்வுகளோடு மூன்று சுழற்சிகளும் சேர்ந்து ஆறு அசைவுகள் வேண்டும். டி நிலையே மிக உயர்ந்தது. விமானி அறையின் ஒலிகளும் அதிர்வுகளும்கூட அதில் அளந்து ஒப்பிடப்படும். நாடுகளின் விதிகள் ஒன்றுபட வேண்டும் என்பதற்காகப் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 9625 என்ற எண்ணுள்ள கையேட்டை வெளியிட்டுள்ளது. அதன் 2009ஆம் ஆண்டுப் பதிப்பு கருவிகளை ஏழு வகைகளாகப் பிரிக்கிறது.

சோதிக்கும் முறை

தேர்வுத்தாள் திருத்துவோர்க்கு விடைக்குறிப்பு எப்படியோ, சிமுலேட்டரைச் சோதிப்போர்க்கு அப்படி உண்மை விமானத்தின் பறப்புத் தரவு. அளவுக்கருவிகள் பொருத்திய விமானம் ஒன்றை வானில் ஓட்டி, விமானி சுக்கானை இவ்வளவு மிதித்தபோது அது எவ்வளவு திரும்பியது, எந்த வேகத்தில் தரையை விட்டு எழுந்தது என்றெல்லாம் பதிவு செய்கிறார்கள். அதே செயல்களை சிமுலேட்டரில் செய்து, இரண்டு வரைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கிறார்கள். எடுத்துக்காட்டாக, மேலெழும் சோதனையில் வேகம் 3 நாட், மூக்கின் சாய்வு 1.5 பாகை, உயரம் 20 அடி என்ற அளவுக்கு மேல் வேறுபடக் கூடாது. இத்தகைய சோதனைகளும் முடிவுகளும் அடங்கிய தொகுப்பே தகுதிச் சோதனைக் கையேடு. அதிகாரிகள் ஏற்றுக்கொண்ட மூலப்படிதான் அந்தக் கருவியின் வாழ்நாள் முழுவதற்கும் அளவுகோல்.

தாமதமும் அளக்கப்படுகிறது. விமானி கட்டுப்பாட்டை அசைத்த பின் கருவி பதில் தர எடுத்துக்கொள்ளும் கூடுதல் நேரம், 2008இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதிகளின்படி, ஏ, பி நிலைகளில் 300 மில்லி நொடிகளையும், சி, டி நிலைகளில் 150 மில்லி நொடிகளையும் தாண்டக் கூடாது என்றிருந்தது. தாமதம் கூடினால் விமானி தம்மையறியாமல் அதற்கேற்பக் கையை மாற்றிப் பழகிவிடுவார். இவற்றோடு, அந்த வகை விமானத்தை அறிந்த விமானி ஒருவர் ஓட்டிப் பார்த்து மதிப்பிடுவதும் உண்டு.

சான்றுக்குப் பின்

ஒருமுறை தேறிவிட்டால் போதாது. எஃப்.ஏ.ஏ. விதிகளின் 60ஆம் பகுதி, கையேட்டிலுள்ள அளவீட்டுச் சோதனைகள் அனைத்தையும் நான்கு காலாண்டுகளில் பகிர்ந்து ஆண்டுதோறும் திரும்பச் செய்யச் சொல்கிறது. பயன்படுத்தும் நாளில் முன்சோதனை நடக்க வேண்டும். பழுதுகளை விமானிகளுக்குத் தெரியும்படி எழுதி வைத்து, பொதுவாக 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். பழுதான உறுப்பு எந்தப் பயிற்சிக்குத் தேவையோ, அந்தப் பயிற்சியை அதில் நடத்தவே கூடாது.

இந்தக் கடைசி விதியின் பொருள் இந்திய நிகழ்வு ஒன்றில் நன்கு விளங்கும். 2022 ஏப்ரலில், ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தின் 90 விமானிகள் போயிங் 737 மேக்ஸ் விமானங்களை ஓட்ட, இந்திய சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) தடை விதித்தது. அவர்கள் பயிற்சி பெற்ற கிரேட்டர் நொய்டா சிமுலேட்டரில், ஒரு பக்கத்து ஸ்டிக் ஷேக்கர் வேலை செய்யாதிருந்தது ஆய்வில் தெரியவந்தது. வேகம் குறைந்து ஆபத்து நெருங்கும்போது கட்டுப்பாட்டுத் தண்டை அதிரவைத்து எச்சரிக்கும் உறுப்பு அது. மீண்டும் பயிற்சி பெறும்படி விமானிகளுக்கு உத்தரவிடப்பட்டது. நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ஓர் உறுப்புக்காக இவ்வளவா என்று தோன்றலாம். மேக்ஸ் விபத்துகள் இரண்டிலும் அந்த எச்சரிக்கை இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் அப்படித் தோன்றாது.

தரவு முடியும் எல்லை

சிமுலேட்டர் எவ்வளவு நேர்த்தியானதானாலும், பறப்புத் தரவு இருக்கும் வரைதான் அது விமானம். அதற்கு அப்பால் அது காட்டுவது கணிப்பே. ஆனால் உள்ளே அமர்ந்திருப்பவருக்கு இந்த எல்லை தெரிவதில்லை. திரையும் அசைவும் முன்போலவே உண்மையாகத் தோன்றும்.

2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் இருந்து புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விழுந்ததில் 265 பேர் இறந்தனர். முன்சென்ற விமானத்தின் காற்றுச் சுழலில் சிக்கியபோது, துணை விமானி சுக்கானை மாறி மாறிப் பலமாக மிதித்ததில் செங்குத்து வால் முறிந்து விழுந்தது. சுக்கான் அமைப்பின் வடிவமைப்பும் நிறுவனத்தின் பயிற்சித் திட்டமும் இதற்குத் துணைபோயின என்பது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு. விமானம் பெரிதும் சாயும் வரை விமானியின் கட்டளைகளுக்குக் கருவி பதில் தராதபடி ஒரு சிமுலேட்டர் பாடம் அமைக்கப்பட்டிருந்தது. காற்றுச் சுழலைப் பற்றி மிகையான அச்சத்தையும், முரட்டுத்தனமாகத் திருத்தும் பழக்கத்தையும் அது ஊட்டியிருக்கலாம் என்று வாரியம் கூறியது. பாடம் அமைத்தவர்களின் நோக்கம் பாதுகாப்புதான் என்பதே இதில் வருந்தத்தக்கது.

அடுத்து ஸ்டால். இறக்கையின் மேல் காற்றோட்டம் சிதைந்து தூக்குவிசை குலையும் நிலை இது. மீள வேண்டுமானால் மூக்கைத் தாழ்த்த வேண்டும். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேரும், ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேரும் இறந்தனர். இரண்டிலும் விமானிகள் மூக்கை உயர்த்தவே முயன்றனர். அக்காலப் பயிற்சி ஸ்டாலை நெருங்குவதோடு நின்றது. அதற்கு அப்பால் பயிற்றுவிக்கப் போதிய தரவு சிமுலேட்டர்களிலும் இல்லை.

கோல்கன் விபத்தைத் தொடர்ந்து 2010இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. முழு ஸ்டாலில் இருந்து மீளும் பயிற்சியை விமான நிறுவனங்கள் 2019 மார்ச் முதல் சிமுலேட்டரில் தர வேண்டியதாயிற்று. இதற்காக 60ஆம் பகுதி 2016இல் திருத்தப்பட்டது. ஆழ்ந்த ஸ்டாலில் விமானம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஆகவே வரைகோடுகளை ஒப்பிடுவது மட்டும் போதாது. அத்தகைய ஸ்டாலை உண்மையில் அறிந்த விமானி ஒருவர் சிமுலேட்டரை ஓட்டி, அதன் நடத்தை பொருந்துகிறது என்று உறுதிசெய்ய வேண்டும். இவ்வகைப் பயிற்சிக்குத் தகுதி பெறும் கருவிகளில், பாடம் சோதிக்கப்பட்ட எல்லைக்குள் நடந்ததா, அதைத் தாண்டிப் போனதா என்பது பயிற்றுநரின் திரையில் தெரியவும் வேண்டும்.