மலைநாட்டுப் பாடசாலைகளுக்கு அருகிருந்த துணை

ஊரில் பாடசாலைக் கட்டடம் எழுந்துவிட்டால் பிள்ளைகளின் கல்விக்கு வழி பிறந்துவிட்டதாக நாம் எண்ணிக் கொள்கிறோம். ஆனால் ஓரிரு ஆசிரியர்களே எல்லா வகுப்புகளையும் பார்க்கும் சிறிய பாடசாலைக்கு, அருகிலிருந்து கைகொடுக்க ஒருவர் வேண்டும். நேபாள நாட்டின் அனுபவம் இதனை நன்கு உணர்த்துகிறது.

நேபாளத்தில் அரச நிதியில் இயங்கும் பாடசாலைகளைச் 'சமூகப் பாடசாலைகள்' என்றே அழைக்கின்றனர். அவற்றுள் பல, ஊரவர் தமது உழைப்பால் எழுப்பியவை. 1971ஆம் ஆண்டின் தேசிய கல்வித் திட்டத்துடன் அவை அரசின் பொறுப்பில் வந்தன. எனினும் பாதை வசதியற்ற மலைக் கிராமங்களிலிருந்து மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போய்வருவதே பெரும் பாடாக இருந்தது. பயிற்சியும் மேற்பார்வையும் ஆசிரியர்களை எட்டவில்லை.

சேத்தியில் ஓர் ஆரம்பம்

1981இல், நாட்டின் தூர மேற்கிலுள்ள சேத்தி வலயத்தில் யுனெஸ்கோ, யுனிசெப் ஆகியவற்றின் உதவியுடன் கிராமியக் கல்வித் திட்டமொன்று ஆரம்பிக்கப்பட்டது. அச்சாம், டோட்டி, பஜுரா, பஜாங், கைலாலி ஆகிய ஐந்து மாவட்டங்களைக் கொண்ட வலயம் அது.

அத்திட்டத்தில் ஒரு பாடசாலை வள நிலையமாகத் தெரிவு செய்யப்பட்டது. சுற்றியுள்ள பாடசாலைகள் அதனுடன் இணைக்கப்பட்டன. ஆசிரியர்கள் அங்கு கூடிப் பயிற்சி பெற்றனர்; கற்பித்தல் சாதனங்களைச் செய்யப் பழகினர். வளவாளர் ஒருவர் பாடசாலை பாடசாலையாகச் சென்று குறைநிறைகளைக் கண்டு உதவினார்.

பெண் பிள்ளைகளுக்காக அங்கு 'செலிபேட்டி' எனும் வகுப்புகளும் நடந்தன. செலிபேட்டி என்றால் வீட்டின் பெண் மக்கள் என்று பொருள். தண்ணீர் அள்ளவும், விறகு பொறுக்கவும், தம்பி தங்கையரைப் பார்க்கவும் வீட்டில் நிறுத்தப்பட்ட சிறுமியருக்கு, வேலை ஓய்ந்த நேரத்தில் ஊரிலேயே எழுத்தும் கணக்கும் சுகாதாரமும் கற்பிக்கப்பட்டன. பாடசாலை நேரத்துக்கு வர முடியாத பிள்ளையைத் தேடிக் கல்வி சென்றது.

விரிவும் குறையும்

1990களில் வள நிலைய முறை நாடெங்கும் பரவியது. பின்னாளில் 1000க்கும் மேற்பட்ட நிலையங்கள் இயங்கின. ஆனால் நிலையங்கள் பெருகிய அளவுக்கு உதவி பெருகவில்லை. ஒரு வளவாளருக்குப் பல பாடசாலைகள். அவரது காலத்தின் பெரும்பகுதி படிவங்கள் நிரப்புவதிலும் புள்ளிவிபரம் திரட்டுவதிலும் கழிந்தது. வகுப்பறையில் அமர்ந்து ஆசிரியருக்கு உதவ நேரம் எஞ்சவில்லை. வளவாளர்களில் பெண்கள் மிகச் சிலரே.

2015ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பாடசாலைக் கல்வியை 753 உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. 2018 அளவில் மாவட்டக் கல்வி அலுவலகங்களும் வள நிலையங்களும் பழைய வடிவில் இல்லாமற் போயின. அதிகாரம் ஊருக்கு அருகில் வந்தது நல்லதே. ஆயினும் கிராமப்புற மன்றங்கள் பலவற்றில் கல்விக்கென ஓரிரு அலுவலர்களே இருந்தனர். முன்பு வளவாளர் செய்த வேலையை யார் செய்வது என்பது பல ஊர்களில் கேள்வியாகியது.

தாய்மாரின் பங்கு

நேபாளத்தின் கல்விச் சட்டம், பாடசாலை முகாமைத்துவக் குழுவில் பெற்றோர் தெரிவு செய்யும் நால்வருள் இருவர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பெயரளவில் அமர்ந்துவிட்டு வந்தால் இவ்விடத்தால் பயனில்லை. ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா, மகள்மார் ஏன் இடையில் நின்றார்கள், மாணவியருக்குக் கழிப்பறை உண்டா என்று கேட்கக்கூடியவர் தாயே.

சகோதரிகளே, எமது பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கான அழைப்பும் வீட்டுக்கு வருகிறது. சமையல் வேலையைச் சொல்லித் தட்டிக் கழிக்காமல் போவோம். போனால் ஒரு கேள்வியாவது கேட்போம். பிள்ளைக்கு மிக அருகிலுள்ள துணை நாம்தான்.