ஒலிக்கும் மாதிரிப் புகையிரதம்

மாதிரிப் புகையிரதத்தின் தண்டவாளத்திலே மின்வலுவும் கட்டளையும் ஒருங்கே செல்கின்றன. எஞ்சினுள் அமைந்த சிறு சுற்று, தன் இலக்கத்துக்குரிய கட்டளையை மட்டும் ஏற்று, மோட்டரையும் ஒலிபெருக்கியையும் இயக்கும். ஜேர்மனியின் லென்ஸ் நிறுவனம் 1980களில் வகுத்த முறை இது.

சுற்றின் நினைவகத்தில் எண்ணிட்ட அறைகள் உள. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையான பெறுமானம் கொள்ளும். 1ஆம் அறை எஞ்சினின் இலக்கம். புதியவற்றில் அது பெரும்பாலும் 3. அதனை மாற்றாவிடின் இரு புதிய எஞ்சின்கள் ஒரே கட்டளைக்கு ஓடும். 3ஆம் அறை ஆர்முடுகலையும் 4ஆம் அறை அமர்முடுகலையும் ஆளும். இவற்றைக் கூட்டினால் வண்டி மெல்லப் புறப்பட்டு மெல்ல நிற்கும். அப்போதே ஓட்டமும் ஒலியும் இசையும்.

புதிய சுற்றை முதலில் தனித்த நிரலாக்கத் தடத்தில் வைத்தல் வேண்டும். அங்கு மின்னோட்டம் குறைவாதலின், இணைப்பிற் பிழையிருப்பினும் சுற்று பெரும்பாலும் எரியாது தப்பும்.