எஸ்எஃப்சி சொல்லும் ‘சரிசெய்தாயிற்று’: எவ்வளவு நம்பலாம்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-லேயே முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் உண்டு. கெடு முடிவதற்குள் பழைய கணினியைத் தேற்றிவிடலாம் என்று கடிதம் எழுதியவர்களில் பலரும் தட்டிப் பார்த்தது ஒரே கட்டளையைத்தான்: விண்டோஸின் சொந்த ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். ‘கெட்ட ஃபைல்கள் சரிசெய்யப்பட்டன’ என்று ஒரு நாள் வருகிறது. அடுத்த வாரம் அதே கணினியில், ‘சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை’. எதை நம்புவது என்று கேட்கிறார்கள்.

கட்டளையை எங்கே, எப்படித் தட்டுவது என்பது தெரிந்ததே. யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: மாற்றி வைக்கும் நல்ல ஃபைல் எங்கிருந்து வருகிறது?

கெட்டதை எடுத்துவிட்டு நல்ல நகலை வைக்கும் என்கிறது மைக்ரோசாஃப்ட். அந்த ‘நகல்’ என்ற சொல்லில்தான் வில்லங்கம். எக்ஸ்பி காலத்தில் டிஎல்எல்கேஷ் என்ற ஃபோல்டரில் உண்மையிலேயே தனி நகல்கள் இருந்தன. விஸ்டாவிலிருந்து ஏற்பாடு மாறியது. வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டர் கிடங்கானது. சிஸ்டம்32-ல் நாம் பார்க்கும் ஃபைல்களில் பெரும்பாலானவை, கிடங்கில் கிடக்கும் அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்தான். தொழில்காரர்கள் ஹார்ட் லிங்க் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் சுப்பிரமணியன், வீட்டில் மணி. மணிக்குக் காய்ச்சல் என்றால் பதிலுக்குச் சுப்பிரமணியனை அனுப்ப முடியாது.

இடத்தை மிச்சப்படுத்தும் கெட்டிக்கார யோசனை, மறுக்கவில்லை. (ஒரே ஃபைலை இரண்டு தடவை எண்ணுவதால்தான் கிடங்கு ஃபோல்டரின் அளவு ஊதித் தெரிகிறது. பதறிப்போய் அழிக்கக் கை வைக்காதீர்கள்.) ஏதோ ஒரு புரோகிராம் சிஸ்டம்32-ல் இருந்த ஃபைலைத் தூக்கிவிட்டுத் தன்னுடையதை வைத்தால், லிங்க் அறுந்து கிடங்கில் இருப்பது தப்பிவிடும். அப்போது எஸ்எஃப்சி ஜோராக வேலை செய்யும். ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க்கில் அந்தத் தரவு எழுதிய செக்டாரே கெட்டால்? இரண்டு பெயரும் சேர்ந்தே போகும். ஃபைலின் கைரேகை போன்ற ஹாஷ் பொருந்தாததை வைத்து, கெட்டது எது என்று எஸ்எஃப்சி சரியாகவே கண்டுபிடிக்கும். எடுத்து வைக்கத்தான் கையில் ஒன்றும் இருக்காது. கணினி எழுந்து நிற்கத் தேவையான சில ஃபைல்களுக்கு மட்டும் கிடங்குக்குள் தனி பேக்கப் உண்டு.

அதனால்தான் டிஸ்ம் கட்டளையை, ரிஸ்டோர்ஹெல்த் என்ற சொல்லோடு, முதலில் ஓட்ட வேண்டும். அது விண்டோஸ் அப்டேட் வழியாக நல்ல ஃபைலை இறக்கிக் கிடங்கைச் சரிசெய்யும். எஸ்எஃப்சி அதற்கப்புறம். டிஸ்ம் 62.3 சதவீதத்தில் வெகுநேரம் நின்றால் ஜன்னலை மூடிவிடாதீர்கள், பெரும்பாலும் நகரும்.

எஸ்எஃப்சியின் தீர்ப்பே தவறியதும் உண்டு. 2019 ஜூலையில் விண்டோஸ் டிஃபெண்டரின் நல்ல ஃபைல்களையே கெட்டவை என்றது. மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்ட பிழை அது. ஆகவே ‘சரிசெய்தாயிற்று’ என்றால் ஹாஷ் பொருந்திவிட்டது என்று மட்டுமே பொருள். ஏன் கெட்டது என்பதற்கு அதில் பதில் இல்லை.

என் வீட்டுக் கணினியில் பத்து நாளைக்கொரு தடவை வெவ்வேறு ஃபைல் கெட்டது. லாக்ஸ் ஃபோல்டருக்குள் சிபிஎஸ் லாகைத் திறந்தால் ‘கேனாட் ரிப்பேர் மெம்பர் ஃபைல்’ என்று வரிசையாக வரிகள். கடைசியில் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் கட்டத்தில் ‘காஷன்’, கீழே ரீஅலொகேட்டட் செக்டார் எண்ணிக்கை ஏறியிருந்தது. எஸ்எஸ்டி மாற்றினேன். அதன்பின் அந்த வரிகள் வரவில்லை.

மற்றக் கேள்விகள்:

ஃபார்மட் அடித்தால் தீருமா? டிஸ்க் நன்றாக இருந்தால் தீரும்.

காணாமல்போன டிஎல்எல் ஃபைலை ஏதாவது தளத்திலிருந்து இறக்கிப் போடலாமா? கூடவே கூடாது.

டிஸ்க்கில் குறை இல்லை, ஆனாலும் கெடுகிறதே? ராமைச் சோதியுங்கள், யூபிஎஸ் இல்லாவிட்டால் திடீர் மின்வெட்டும் ஒரு காரணமாகலாம்.

2026 அக்டோபருக்குப் பிறகு விண்டோஸ் 10 கணினி ஓடுமா? ஓடும், புதிய ஓட்டைகளை அடைக்க ஆளிருக்காது.

டிஸ்க்கில் சந்தேகம் என்றால், முதலில் அதைச் சோதிக்கும் செக்டிஸ்க் ஓட்டுவதா, கல்யாண போட்டோக்களைக் காப்பி எடுப்பதா? போட்டோ.