தொப்பைக்குக் கத்தி வைக்கும் முன்

டம்மி டக் என்பது உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை அல்ல. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் “தொப்பையை ஒரே நாளில் எடுத்துவிடலாமாமே?” என்று கேட்டுக்கொண்டு கிளினிக் படியேறுகிறவர்களுக்கு முதலில் தெரியவேண்டியது இதுதான். தொங்கிப்போன தோலுக்கும் நடுவில் விலகிப்போன வயிற்றுத் தசைக்கும் செய்யப்படும் சிகிச்சை அது. கொழுப்பால் முன்தள்ளிய வயிற்றுக்கு அதில் பெரிய பயன் கிடையாது.

உங்கள் வயிறு எந்த வகை என்பதை வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். மல்லாந்து படுங்கள். வயிறு தட்டையாகிப் பக்கங்களில் வழிந்தால், விரல்களால் அள்ளிப் பிடிக்கும்படி தோல் தளர்ந்திருந்தால், பிரச்சினை பெரும்பாலும் வெளியே இருக்கிறது. படுத்த பிறகும் வயிறு மேடாகவே நின்று, தொட்டால் கெட்டியாக இருந்தால், கொழுப்பு குடலையும் கல்லீரலையும் சுற்றி உள்ளே சேர்ந்திருக்கிறது. எந்த பிளாஸ்டிக் சர்ஜனின் கத்தியும் அங்கே போகாது. நம் ஊர் ஆண்களுக்கு வரும் தொப்பை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் நிற்கும்.

இந்த உள்கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழி திறக்கிறது. அதனால்தான் தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லையையே குறைத்து வைத்திருக்கிறார்கள்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வெளிக்கொழுப்பை மட்டும் உறிஞ்சி எடுத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்து 2004-இல் வெளியிட்டார்கள். உடல் பருமன் கொண்ட 15 பெண்களுக்கு லைப்போசக்ஷன் மூலம் ஏறக்குறைய 10 கிலோ கொழுப்பை எடுத்தார்கள். சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோதும் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், இன்சுலின் வேலை செய்யும் விதம் எதுவும் மேம்படவில்லை. வெளியே எடுத்த கொழுப்பு உள்ளே இருக்கும் நோயைத் தொடவில்லை. ஆகவே கெட்டித் தொப்பைக்காரர்களுக்கு நாகேஸ்வரராவ் பூங்காவின் நடைபாதையும் தட்டில் குறைக்கும் சோறும் தரும் பலனை ஆபரேஷன் தியேட்டர் தராது.

அப்படியானால் இது யாருக்கு? முதலில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு. கர்ப்பத்தில் வயிறு விரியும்போது நடுவில் சேர்ந்திருக்கும் இரண்டு நெடுந்தசைகளும் விலகிப்போகின்றன. பலருக்குச் சில மாதங்களில் மறுபடி கூடிவிடும், சிலருக்குக் கூடுவதில்லை. மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கி, தொப்புளுக்கு மேலே விரல் வைத்துப் பார்த்தால் அந்த இடைவெளி தெரியும். இரண்டு விரலுக்கு மேல் அகலம் இருந்தால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள், முறையான பயிற்சி பலருக்கு உதவும். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். சிசேரியன் தழும்புக்கு மேல் மடிந்து தொங்கும் தோலை எந்த உடற்பயிற்சியும் உள்ளே இழுக்காது. அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லும் உறவினர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ள வேண்டும். மடிப்புக்குள் வியர்த்துப் புண்ணாகி, வெயில் காலம் முழுக்க பவுடர் போட்டுக்கொண்டு தவிக்கும் பெண்ணுக்கு அது அழகுப் பிரச்சினை மட்டும் அல்ல.

அடுத்து, நிறைய எடை குறைத்தவர்கள். முப்பது, நாற்பது கிலோ இறங்கிய உடலில் தோல் மட்டும் பழைய அளவிலேயே நிற்கும். இவர்களும் எடை ஆறு மாதமாவது ஒரே நிலையில் நின்ற பிறகுதான் வர வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் காத்திருக்கலாம். அடுத்த கர்ப்பத்தில் செய்த வேலை வீணாகும்.

சிகிச்சை இப்படி நடக்கும். முழு மயக்கம் கொடுத்து, அடிவயிற்றில் ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை கீறுவார்கள். தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் விலா வரை பிரித்துத் தூக்கி, விலகிய தசைகளை நடுக்கோட்டில் சேர்த்துத் தைப்பார்கள். பிறகு தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டி எடுப்பார்கள். தொப்புள் அதே இடத்தில்தான் இருக்கும். இழுத்த தோலில் புதுத் துளை போட்டு அதை வெளியே எடுத்துப் பொருத்துவார்கள். இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகலாம். சேரும் நீர் வடிவதற்கு ஓரிரு குழாய்கள் சில நாட்கள் உடலிலேயே இருக்கும். தழும்பு புடவைக் கொசுவத்துக்குள் மறையும், ஆனால் ஆயுள் முழுக்க இருக்கும். இடுப்பிலிருந்து இடுப்பு வரை நீளும் அந்தக் கோட்டை விளம்பரப் படங்களில் பெரும்பாலும் காட்டுவதில்லை. காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வீடு திரும்பிய பிறகுதான் பாடு. முதல் வாரம் முன்பக்கம் குனிந்தபடிதான் நடக்க முடியும். ஏறக்குறைய ஆறு வாரம் இறுக்கமான பெல்ட் போட வேண்டும். சென்னையின் மே மாதத்தில் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மார்கழி, தை பக்கம் தேதி வாங்கினால் கொஞ்சம் நிம்மதி. அந்த ஆறு வாரமும் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, கேஸ் சிலிண்டரை நகர்த்தக் கூடாது, கைக்குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைக்கக் கூடாது. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி வீடு என்றால் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். தோலுக்கடியில் நீர் கட்டுவது, ரத்தம் கட்டுவது, சீழ் பிடிப்பது, அடிவயிறு பல மாதம் மரத்துப்போவது எல்லாம் வரக்கூடியவை. புகை பிடிப்பவர்களுக்கு ரத்த ஓட்டம் குறைந்து தோலே கருகிப்போகலாம். குறைந்தது நான்கு வாரம் முன்பே சிகரெட்டை விட வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களைப் பொறுப்பான சர்ஜன் திருப்பி அனுப்பிவிடுவார். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, காலில் ரத்தம் உறைந்து அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பது. அரிதுதான், ஆனால் உயிரை எடுக்கும்.

இந்த ஆபத்துகளைக் குறைக்கும் வழி சரியான ஆளும் சரியான இடமும். 2016-இல் முடிமாற்று சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அவர் போனது மருத்துவமனைக்கான அனுமதியே இல்லாத இடம். 2024 ஏப்ரலில் பம்மலில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வந்த புதுச்சேரி இளைஞர், வயது 26, இறந்துபோனார். அவசர நிலையைச் சமாளிக்க அங்கே போதிய வசதி இல்லை என்று விசாரணையில் தெரிந்ததும் அரசு அந்த மருத்துவமனையைத் தற்காலிகமாக மூடச் சொன்னது. இரண்டுமே டம்மி டக் அல்ல. ஆனாலும் இரண்டிலும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: ஏதாவது ஆனால் அந்தக் கட்டிடத்துக்குள் காப்பாற்ற முடியுமா?

எனவே கேளுங்கள். அறுவை செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. படித்தவரா? ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்ற பலகை போதாது. தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் அவர் பதிவைச் சரிபாருங்கள். வீடியோ பார்த்தும் பயிலரங்கில் உட்கார்ந்தும் அழகு அறுவை சிகிச்சை கற்றுக்கொள்ள முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-இல் எழுத்தில் சொல்ல வேண்டி வந்தது. தனியார் மருத்துவமனைகளை முறைப்படுத்தும் தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மருத்துவமனை பதிவு பெற்றதா? அந்தப் பதிவுக்குப் பொறுப்பான துறை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில்தான் இருக்கிறது. மயக்க மருந்து நிபுணர் முழு நேரமும் உடன் இருப்பாரா, ஐ.சி.யு. அதே கட்டிடத்தில் உண்டா என்றும் கேளுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, அழகுக்காகச் செய்துகொள்ளும் அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. மற்ற சிகிச்சைகளுக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கும் இதற்கு இல்லை. ‘இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி’ என்பவர்களிடம் உடலைக் கொடுக்காதீர்கள். இது பணக்காரர்களுக்கு மட்டுமானதா என்ற கேள்வியும் உண்டு. 2018-இல் ஸ்டான்லி அரசு மருத்துவமனை மார்பக அழகு சிகிச்சையை இலவசமாக அறிவித்தபோது, அரசுப் பணத்தில் இது தேவையா என்று சிலர் கேட்டார்கள். ஏழைப் பெண்ணுக்கும் தன் உடலைப் பற்றிய வருத்தம் இருக்கும். ஸ்டான்லி செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

செய்துகொள்வதென்று முடிவெடுத்தால் ஒன்றை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கிளினிக்குக்கு வாட்ஸ்அப் அனுப்பிப் பதிலுக்காகக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, அருகில் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.