குருவிச்சை பரவும் வழி

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அடுக்குமாடிகளுக்கிடையே எஞ்சிநிற்கும் மாமரங்களை அண்ணாந்து நோக்குவோர், மாவிலையோடு ஒவ்வாத தடித்த இலைகளுடன் வேறொரு செடி கிளையிலே செழித்திருப்பதைக் காணக்கூடும். அதுவே குருவிச்சை. பிறர் உழைப்பில் பிழைப்போரைப் புல்லுருவி என்று நாம் பழிப்பதும் இத்தாவரத்தைக் கொண்டேயாகும்.

உலகில் சுமார் 4,500 வகையான ஒட்டுண்ணித் தாவரங்கள் உள்ளன. பூக்கும் தாவரங்களில் இவை நூற்றுக்கு ஒன்றாகும். இவற்றுட் சில கண்டங்களைக் கடந்து பரவியிருக்க, வேறு சில குறிப்பிட்ட காடுகளை விட்டு அகலுவதில்லை. இவ்வேறுபாட்டுக்கு அவற்றின் வளர்ச்சி இயல்புகளே முக்கிய காரணமாகும்.

குருவிச்சை பச்சை இலைகளால் ஒளித்தொகுப்புச் செய்து தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது. பருகி என்னும் உறுப்பை மரத்தினுள் செலுத்தி நீரையும் கனியுப்புகளையும் உறிஞ்சுகிறது. இன்ன மரந்தான் வேண்டுமென்ற பிடிவாதம் அதற்கில்லை. 300க்கும் மேற்பட்ட தாவர வகைகளில் அது வாழும். அதன் பழத்தை உண்ணும் சிறு குருவிகள் பசைமிகுந்த விதையை அடுத்த மரத்தின் கிளையில் ஒட்டிவிடுகின்றன. எனவேதான் அது இலங்கை, இந்தியா முதல் அவுஸ்திரேலியாவின் வடபகுதிவரை பரவியுள்ளது. கரையோரப் பற்றைகளில் நூல்போற் படரும் கொத்தானும் பல செடிகளைப் பற்றக்கூடியது. அதன் விதை கடலில் மிதந்து செல்லவும் வல்லது. ஆதலால் உலகின் வெப்பமண்டலக் கரைகள் பலவற்றிலும் அதனைக் காணலாம்.

இதற்கு மாறானது ரப்ளீசியா. ஒரு மீற்றர் அகலமான மலரைத் தரும் அதற்கு இலையுமில்லை, தண்டுமில்லை. ஒரேயொரு கொடியினத்தின் உள்ளேயே அது வாழவேண்டியிருப்பதால் தென்கிழக்காசியக் காடுகளே அதன் எல்லையாகிவிட்டன.

ஆயினும் இவ்வெல்லைகளை மனிதன் அழித்துவிடுவதும் உண்டு. சோளம் முதலிய பயிர்களின் வேரைப் பற்றும் சுடுமல்லியின் விதைகள் தூசுபோன்றவை. மண்ணில் பத்தாண்டுகளுக்கு மேலும் உறங்கிக் கிடந்து, பயிர்வேர் கசியும் இரசாயனத்தை உணர்ந்ததும் முளைப்பவை. ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் உரிய இக்களை 1956இல் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் கண்டறியப்பட்டது. அதனை ஒழிக்க அந்நாடு பல தசாப்தங்கள் போராட நேர்ந்தது.

ஒட்டுண்ணிகள் யாவும் பகையல்ல. கோயிலிலும் அத்தரிலும் மணக்கும் சந்தனமும் அயல்மரங்களின் வேரைப் பற்றி வளரும் மரமே. காட்டிலுள்ள குருவிச்சை பறவைகளுக்கு இரையளிக்கிறது. வீட்டு மரத்தில் அது பெருகும்போதோ கிளைகள் நலிந்து காய்ப்புக் குன்றும். அதன் இலைகளை மட்டும் கிள்ளினால் மீண்டும் துளிர்க்கும். பழுக்குமுன், பற்றியுள்ள இடத்துக்குக் கீழே கிளையோடு வெட்டவேண்டும். குருவிக்கு மதில் தடையல்லவாதலால் அயலவர் சேர்ந்து செய்வதே பயன்தரும்.

வெளிநாடு சென்று திரும்புகையில் விதைகளையும் கன்றுகளையும் பயணப்பொதியில் மறைத்துக் கொண்டுவரும் வழக்கத்தையும் நாம் கைவிடவேண்டும். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பது இதன்பொருட்டே. பறவையும் கடலும் கொண்டுசேர்க்காத ஒட்டுண்ணியை நமது பெட்டி கொண்டுசேர்த்துவிடலாகாது.