நாற்பது வயதில் வீட்டை விட்டு ஓடிய கவிஞர்

காதலனுடன் ஓடிப்போகும் பெண் என்றதும், பதினெட்டு வயதுப் பருவ மங்கைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருவாள். எலிசபெத் பாரெட் ஓடியபோது அவளுக்கு வயது 40!

அவள் நோயாளி. மாடிப்படி இறங்குவதே அவளுக்குப் பெரும் பாடு. ஆனால், இங்கிலாந்து முழுவதும் அவள் பெயர் தெரியும். பெரும் கவிஞர் என்று பத்திரிகைகள் அவளைப் புகழ்ந்தன.

சட்டப்படி அவள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 21 வயது நிரம்பியவர்கள் பெற்றோர் சம்மதம் இல்லாமலே மணம் செய்துகொள்ளலாம் என்பது அன்றைய இங்கிலாந்துச் சட்டம். அப்படியிருந்தும் அவள் திருடியைப் போல ஓசைப்படாமல் வீட்டை விட்டு வெளியேறினாள். ஏன்?

கலியாணம் கூடாது!

லண்டனில், விம்போல் தெருவில், 50-ம் எண் வீடு. வீட்டுக்காரர் எட்வர்ட் பாரெட். ஜமைக்கா தீவில் அவர் குடும்பத்துக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. கறுப்பின அடிமைகளின் உழைப்பில் வந்த செல்வம் அது. அவருக்கு 12 பிள்ளைகள். மூத்தவள் எலிசபெத். 1806-ம் ஆண்டு பிறந்தவள். தாய் 1828-ல் இறந்துவிட்டாள்.

பாரெட் அன்பில்லாத தகப்பனார் அல்ல. மகள் சிறுமியாக இருந்தபோதே, அவள் எழுதிய கவிதையைத் தம் செலவில் அச்சிட்டுக் கொடுத்தவர். இரவில் அவள் அறைக்கு வந்து, அவளோடு சேர்ந்து ஜெபம் செய்வார். ஆனால், ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கல். பிள்ளைகளில் யாரும் கலியாணம் செய்துகொள்ளக் கூடாது! மகளானாலும் சரி, மகனானாலும் சரி. காரணம் சொல்ல மாட்டார். கேட்கவும் யாருக்கும் துணிவு இல்லை.

எலிசபெத்துக்கு 15 வயதில் நோய் வந்தது. பிறகு நுரையீரலும் கெட்டது. வலியை அடக்க, அபினிலிருந்து எடுத்த மருந்தைத் தினமும் குடித்தாள். 1840-ல் அவளுடைய அருமைத் தம்பி கடலில் மூழ்கி இறந்தான். அதன் பிறகு அவள் அறையை விட்டு வெளியே வருவதே அபூர்வம். அந்த அறையில் அவளுக்குத் துணை புத்தகங்களும், "பிளஷ்" என்ற நாயும்தான்.

1844-ல் அவளுடைய கவிதைத் தொகுதி வெளிவந்தது. 1845-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி, முன்பின் அறியாத ஒருவர் அவளுக்குக் கடிதம் எழுதினார். அவர் பெயர் ராபர்ட் பிரவுனிங். அவரும் கவிஞர். அவளைவிட 6 வயது இளையவர். பெற்றோர் வீட்டில் இருந்தார். கையில் காசு இல்லை.

பதில் போயிற்று. மறுபடியும் கடிதம் வந்தது. மே 20-ந் தேதி அவர் நேரில் வந்தார். அதன் பிறகு, தகப்பனார் வெளியே போயிருக்கும் பகல் வேளையில் வருவார். அவர் திரும்புமுன் போய்விடுவார். 20 மாதங்களில் இருவரும் எழுதிய கடிதங்கள் 500-க்கும் மேல்!

"குளிர்காலத்தில் லண்டனில் இருக்காதே. இத்தாலிக்குப் போ" என்று டாக்டர் சொன்னார். போகலாமா என்று மகள் கேட்டாள். தகப்பனாருக்குப் பிடிக்கவில்லை. அவள் உயிரைவிடத் தம் சொல்லே அவருக்குப் பெரிது என்று அன்று எலிசபெத் கண்டுகொண்டாள்.

நாய் திருட்டு

1846-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பிறந்தது. ஓடுவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். நாள்தான் குறிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நாய் திருட்டுப் போய்விட்டது!

பணக்காரர்களின் நாயைத் திருடிக்கொண்டு போய், பணம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுப்பது அன்றைய லண்டனில் ஒரு தொழிலாகவே நடந்தது. பிளஷ் அப்படித் திருட்டுப் போனது அது மூன்றாவது தடவை. "பணம் கொடுக்கக் கூடாது" என்றார் தகப்பனார். "திருடர்களுக்குப் பணிவதா?" என்று காதலரும் எழுதினார்.

எலிசபெத் இருவர் பேச்சையும் கேட்கவில்லை. வேலைக்காரி வில்சனை அழைத்துக்கொண்டு, வாடகை வண்டி பிடித்து, திருடர்கள் வாழும் பேட்டைக்கே போனாள். தலைவனின் மனைவி வண்டி அருகில் வந்து பேசினாள். முடிவில் 6 கினி கொடுத்து நாயை மீட்டார்கள். ஆண்டுக்கணக்கில் அறைக்குள் கிடந்த பெண் செய்த காரியம் இது!

கோவிலுக்குப் போனது யாருக்கும் தெரியாது

வீட்டுக்கு வர்ணம் அடிக்க வேண்டும், எல்லோரும் சில நாள் கிராமத்துக்குப் போக வேண்டும் என்று தகப்பனார் திடீரென்று உத்தரவு போட்டார். செய்தி ராபர்ட்டுக்கு எட்டியது. உடனே கலியாணம் என்று அவர் நாள் குறித்தார்.

செப்டம்பர் 12, சனிக்கிழமை. எலிசபெத்தும் வில்சனும் நடந்தே புறப்பட்டார்கள். வழியில் எலிசபெத்துக்கு மயக்கம் வந்தது. மருந்துக் கடையில் மயக்கம் தெளிய மருந்து வாங்கிக்கொண்டு, வண்டியில் ஏறி, மேரில்போன் மாதா கோவிலுக்குப் போனார்கள். அங்கே ராபர்ட்டும், அவர் உறவினர் ஒருவரும் காத்திருந்தார்கள். விருந்து இல்லை. வாழ்த்து இல்லை. சாட்சிகள் அந்த உறவினரும் வேலைக்காரியும்தான். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. தாங்கள் சந்தித்த நாட்களையெல்லாம் ராபர்ட் எண்ணி வைப்பது வழக்கம். இதை 91-வது சந்திப்பு என்று குறித்துக்கொண்டார்.

பிறகு மணமகள் ஒரு பக்கம், மணமகன் ஒரு பக்கம்! எலிசபெத் மோதிரத்தைக் கழற்றி ஒளித்தாள். ஒன்றும் நடக்காதது போல வீட்டுக்குத் திரும்பினாள். ஒரு வாரம் தகப்பனார் கண் எதிரே இருந்தாள். அந்த வாரம் ராபர்ட் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. வந்தால், வாசலில் நின்று "மிஸ் பாரெட் இருக்கிறாளா?" என்று கேட்க வேண்டும். மனைவியை அப்படிக் கேட்க அவர் வாய் வரவில்லை.

கடல் தாண்டி...

செப்டம்பர் 19. தகப்பனாருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு எலிசபெத் படி இறங்கினாள். கூட வில்சன். கையில் பிளஷ். நல்ல வேளை, நாய் குரைக்கவில்லை. ஒரு புத்தகக் கடையில் ராபர்ட் காத்திருந்தார். ரெயில் நேரத்தையும் கப்பல் நேரத்தையும் குறிப்பதில் புதுமாப்பிள்ளை முன்பே குழம்பித் தவித்தவர். ஆனாலும் எப்படியோ சவுதாம்டன் போய், அன்றிரவே பிரான்சுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள்.

வில்சனைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். காதலுக்காக எலிசபெத் போனாள். அந்த ஏழைப் பெண் எதற்காகப் போனாள்? அகப்பட்டிருந்தால் அவளுக்கு வேலை போயிருக்கும், நற்சான்றும் கிடைத்திராது.

பாரிசில் ஒரு வேடிக்கை. எலிசபெத்தைத் தாமே இத்தாலிக்கு அழைத்துப் போவதாக, அவள் சிநேகிதி ஜேம்சன் அம்மாள் முன்பு சொல்லியிருந்தார். அந்த அம்மாள் அப்போது பாரிசில் இருந்தார். ராபர்ட்டிடமிருந்து சீட்டு வந்தது. போய்ப் பார்த்தால் அங்கே எலிசபெத்! அம்மாள் திகைத்துப்போனார். பிறகு இவரும் கூடவே இத்தாலிக்குப் புறப்பட்டார்.

குதிரைக் கோச்சு, ரெயில், படகு என்று மாறி மாறித் தேனிலவுப் பயணம் நடந்தது. ஆர்லியன்ஸ் நகரில் லண்டன் கடிதங்கள் காத்திருந்தன. தூக்குத் தண்டனை உத்தரவை வாங்குவது போல எலிசபெத் அவற்றை வாங்கினாள். தகப்பனார் அவளைக் கைகழுவிவிட்டார். சகோதரர்களும் கோபமாக எழுதியிருந்தார்கள். சகோதரிகள் மட்டும் அன்போடு எழுதியிருந்தார்கள். ராபர்ட் அவளைத் தேற்றினார். வண்டி மேலே போயிற்று.

லியான் நகர் தாண்டி ரோன் நதியில் கொட்டும் மழையில் படகுப் பயணம். அவிஞோன் பக்கத்தில் வோக்ளூஸ் என்ற இடம் இருக்கிறது. பழைய இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் தம் காதலியை எண்ணிப் பாடிக்கொண்டு வாழ்ந்த ஊற்று அங்கேதான். ராபர்ட் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடும் நீரில் இறங்கி, நடுவில் இருந்த பாறையில் உட்கார வைத்தார். எஜமானிக்கு ஆபத்து என்று பயந்து பிளஷும் தண்ணீரில் குதித்தது!

மார்சேல்ஸ் துறைமுகத்தில் மறுபடியும் கப்பல். அக்டோபர் நடுவில், சாய்ந்த கோபுரம் உள்ள பைசா நகரில் குடியேறினார்கள். வெயில் பட்டது, பசி எடுத்தது, மருந்து குறைந்தது. படுக்கையில் கிடந்தவள் எழுந்து நடந்தாள்! அங்கே இருந்தபோதுதான், எஜமானர்களிடமிருந்து தப்பி ஓடிய அடிமைப் பெண்ணைப் பற்றி ஒரு நீண்ட கவிதை எழுதி அமெரிக்காவுக்கு அனுப்பினாள். அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்த குடும்பத்தின் மகள் எழுதியது அது.

பிரிக்காத கடிதங்கள்

1847-ல் புளோரன்ஸ் நகருக்குப் போனார்கள். 1849-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி, 43-வது வயதில் எலிசபெத் ஆண் குழந்தை பெற்றாள். செல்லப் பெயர் பென்.

தகப்பனாருக்கு அவள் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தாள். பதில் இல்லை. 1851-ல் லண்டன் வந்தபோது ஒரு கட்டு வந்தது. ஐந்து ஆண்டுகளாக அவள் எழுதிய கடிதங்கள்! ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. சிலவற்றில் கறுப்பு முத்திரை இருந்தது. கறுப்பு முத்திரை என்றால் சாவுச் செய்தி என்பது அந்த நாட்டு வழக்கம். மகளோ பேரனோ இறந்திருக்கக்கூடும் என்று எண்ணியும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

தங்கை ஹென்ரீட்டா 1850-ல் மணம் செய்துகொண்டாள். அவளுக்கும் அதே கதிதான். 1855-ல் தம்பி ஆல்பிரட்டுக்கும் அதேதான்.

அந்த 1855-ல் ஒருநாள், 6 வயது பென், விம்போல் தெரு வீட்டுக் கூடத்தில் மாமன் ஜார்ஜுடன் விளையாடிக்கொண்டிருந்தான். தாத்தா வந்தார். நின்று பார்த்தார். பையன் போன பிறகு, "அது யார் குழந்தை?" என்று கேட்டார்.

"அக்காள் பிள்ளை" என்றார் ஜார்ஜ்.

"அவனுக்கு இங்கே என்ன வேலை?" என்றார் பாரெட். அதோடு பேச்சை மாற்றிவிட்டார். 1857-ல் அவர் இறந்தார். மகள் முகத்தைக் கடைசிவரை பார்க்கவில்லை.

எலிசபெத் 1861-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி, புளோரன்ஸ் வீட்டில், கணவர் கைகளில் சாய்ந்தபடி உயிர்விட்டாள். 15 ஆண்டு இல்லறம். காதலர் இருவரும் எழுதிய கடிதங்களை மகன் பென் 1899-ல் புத்தகமாக வெளியிட்டான்.

அந்தக் கடிதங்கள் இன்று அமெரிக்காவில், வெல்லெஸ்லி பெண்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. ராபர்ட்டின் கடிதங்கள் உள்ளே விழுந்த விம்போல் தெரு வீட்டு வாசல் கதவும் அங்கேதான் இருக்கிறது. அதன் பித்தளைத் துவாரத்தில் பிப்ரவரி மாதம் மாணவிகள் காதல் வாழ்த்து அட்டைகளைப் போடுகிறார்கள்.