ஞாபகமும் ஒரு நொதியும்

கற்றதை மூளை எங்ஙனம் காக்கிறது? 2006-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் டாட் சாக்டர் முதலிய விஞ்ஞானிகள் ஒரு விடை பகர்ந்தனர். சுழலும் மேடையில் மின்னதிர்ச்சி தரும் பாகத்தை விலக்கப் பழகிய எலிகள், மூளையில் பிகேஎம்-ஸீட்டா என்னும் நொதியைத் தடுக்கும் மருந்து செலுத்தப்பட்டதும், ஒரு மாதத்திற்கு முன் கற்றதையும் மறந்தன. ஞாபகத்தின் திறவுகோலே கிட்டிவிட்டதென்று சிலர் ஆர்ப்பரித்தது அவசரமென்றே நாம் கூறுவோம். ஏனெனில், 2013-இல் அந்நொதி அறவே இன்றிப் பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிகளும் செவ்வனே கற்றன, நினைவிலும் வைத்திருந்தன! சாக்டர் குழுவினர் சோர்ந்துவிடவில்லை. முதல் நொதி இல்லாவிடத்து அதற்கு உறவான வேறொன்று அவ்வேலையை ஏற்கிறதென்று 2016-இல் சோதனையால் காட்டினர். நொதியோ சில நாட்களில் சிதைவது. கிப்ரா என்னும் புரதம் புதிய நொதியை அதே நரம்பிணைப்பில் பற்றி நிறுத்துகிறதென்பது 2024-இல் அவர்கள் கண்டது.